காணி சங்கத்துக்கு, வீடு குடும்பத்துக்கு: வன்னியில் கூட்டுறவு வீடமைப்பை ஒழுங்காகச் செய்யும் முறை

இலங்கையின் வடக்கே, வன்னியில் வீடில்லாதவர் தெருவில் படுப்பதில்லை. அக்காவின் அரை ஏக்கர் வளவில் ஒரு மூலையில் தறப்பாள் கட்டியிருப்பார். அல்லது வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பின்பக்க அறையில் இருப்பார். யாராவது விசாரித்தால் "விலாசம் இருக்குத்தானே" என்பார்கள்.

தனித்தனியாகக் காணி வாங்கிக் கிணறு வெட்டி வீடு கட்ட முடியாத 12 முதல் 25 குடும்பங்கள் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து அதைச் செய்யும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். காணி சங்கத்தின் பெயரில் இருக்கும். குடும்பத்துக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கும் உரிமை, பிறகு அது பிள்ளைக்கு. வெளியாளுக்கு விற்கும் உரிமை மட்டும் யாருக்கும் கிடையாது.

ஒரு சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன், வேறு இரண்டைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மூன்றிலும் ஆட்கள் தடுக்கி விழுந்தது வேலையின் ஒழுங்கில்தான். மலிவாக ஒரு காணி வருகிறது, கை விடாதே என்று அதில் தொடங்கிவிடுகிறார்கள். காணி ஐந்தாவது படி.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வாரத்தில் ஒரு மாலையைக் கூட்டத்துக்கு ஒதுக்கக்கூடிய ஐந்து பேர். கணக்கு எழுதத் தெரிந்த இருவர், அதில் ஒருவராவது பெண். ஒரு கொப்பி கூட்டக் குறிப்புக்கு, இன்னொன்று பணத்துக்கு, மூன்றாவது உழைப்பு நாட்களுக்கு. ஒவ்வொருவரின் அடையாள அட்டை, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகள். போர்க்கால இடப்பெயர்வில் ஆவணம் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் இப்போதே விண்ணப்பிக்கட்டும். கடைசி நேரத்தில் ஒருவரின் பிறப்புச் சான்றிதழுக்காக எல்லாரும் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

1. பெயர்ப்பட்டியலை அடுப்பை எண்ணி எழுதுங்கள்

கிராம அலுவலரின் பட்டியலில் ஒரு வளவு ஒரு குடும்பமாகத் தெரியலாம். நேரில் போனால் மூன்று அடுப்பு எரியும். வீடில்லாதவர்கள் இரண்டாவது, மூன்றாவது அடுப்புக்காரர்கள். கல்யாணமான பிள்ளைகள், தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறி இன்னும் பெர்மிட் (அரச காணியில் இருக்கத் தரும் அனுமதிப்பத்திரம்) கைக்கு வராத குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எல்லாரும் இதில் வருவார்கள்.

ஒவ்வொருவரிடமும் மூன்றைக் கேட்டு எழுதுங்கள்: எந்த மாதத்தில் எந்த வேலையில் பணம் வருகிறது, கிழமைக்கு எத்தனை கடன் கட்டுகிறார், சொந்தக் காணி எங்காவது சிக்கியிருக்கிறதா.

இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் முதல் நாளில் வராது. நுண்கடன் கம்பனிக்குத் திங்களும் வியாழனும் கட்டுகிற பெண் அதைச் சபையில் சொல்லமாட்டார். தனியாக, பெண் ஒருவரே போய்க் கேட்க வேண்டும். கடன் இருப்பவரைத் தள்ளிவிட வேண்டாம். முதல் ஆண்டில் அவருக்குச் சேமிப்புத் தொகையைக் குறைத்து, கடனை முடிக்க விடுங்கள்.

மூன்றாவது கேள்வியில் மிகக் கவனம் வேண்டும். கேப்பாப்பிலவு போன்ற இடங்களில் சொந்தக் காணி இராணுவத்திடம் இருக்கிறவர் உங்கள் சங்கத்தில் சேரலாம். ஆனால் அவர் கையெழுத்து வைக்கும் எந்தப் படிவத்திலும் "மாற்றுக் காணி" என்ற சொல் வரக்கூடாது. அந்தச் சொல்லைக் காட்டி, இவருக்குக் காணி கொடுத்தாயிற்று என்று நாளைக்கு யாரும் சொல்லலாம்.

எல்லாரும் கூலி வேலைக்காரராக இருந்தால் மாரியில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கை வறண்டுவிடும். மாதச் சம்பளக்காரர் ஐந்து பேராவது கலந்திருக்கட்டும். 12 குடும்பத்துக்குக் குறைந்தால் ஒரு வீட்டில் நோய் வந்தாலே கணக்கு ஆடும். 25 ஐத் தாண்டினால் கூட்டத்தில் நாலு பேர்தான் பேசுவார்கள்.

2. காணிக்கு முன் சேமிப்புப் புத்தகம்

குறைந்தது ஓராண்டு சேமியுங்கள். ஒரு காலபோக நெல் அறுவடையும் ஒரு மாரியும் அதற்குள் வர வேண்டும். மாசி, பங்குனியில் பணம் கட்டாத ஆள் கிடையாது. கார்த்திகை, மார்கழியில் யார் கட்டுகிறார் என்பதை வைத்துத்தான் பின்னால் மாதக் கட்டணத்தை எவ்வளவு வைக்கலாம் என்று தெரியும்.

எங்கள் கணக்கு இப்படி இருந்தது: சாதாரண கிழமையில் 250 ரூபா, மாரியில் 100 ரூபா, அறுவடை முடிந்து ஒரே தடவையில் 5,000 ரூபா. தொகையைவிட இடைவிடாமல் கட்டுவதுதான் முக்கியம். தாய்லாந்தில் 2003 இல் தொடங்கிய பான் மங்கோங் குடியிருப்புத் திட்டத்திலும் சேமிப்புக் குழு முதலில், கடன் பிறகு என்ற ஒழுங்குதான்.

வங்கிக் கணக்கு மூவர் பெயரில், எடுப்பதற்கு இருவர் கையெழுத்து. பணம் சேர்த்த அதே கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எண்ணி, தொகையைக் கொப்பியில் எழுதி, மறுநாள் வங்கிச் சிட்டையை ஒட்டுங்கள். எங்களில் ஒருவர் பணத்தை இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்தார். மகனுக்கு டெங்கு, பணம் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போய்விட்டது. மாதக் கடைசியில் சதம் குறையாமல் திருப்பிக் கட்டினார். ஆனால் மூன்று குடும்பம் அதற்குள் விலகிவிட்டது. அவரில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணத்தை வீட்டில் வைக்க விட்ட எங்கள் முறையில்தான் பிழை.

3. உபவிதியில் வெளியேறும் வாசலை முதலில் எழுதுங்கள்

உபவிதி என்றால் சங்கம் தனக்கென்று எழுதும் விதிகள். கூட்டுறவு அலுவலகத்தில் மாதிரி உபவிதி தருவார்கள். சிக்கன கடனுதவிச் சங்கத்துக்கு எழுதியது கிடைத்தால் அதில் பங்கு, கூட்டம், கணக்காய்வு எல்லாம் இருக்கும், வீடு இருக்காது. வீட்டைப் பற்றிய விதிகளை நீங்கள் சேர்க்க வேண்டும்.

ஒருவர் விலகினால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் முதல் விதி. இதை எழுதாமல் வீடு கட்டினால், ஏ9 வீதியோரம் காணி விலை ஏறும் நாளில் சங்கம் உடையும்.

நாங்கள் எழுதிய முறை: விலகுபவர் கட்டிய பங்குப் பணம், சங்கத்தின் அனுமதியோடு தன் செலவில் செய்த திருத்த வேலையின் மதிப்பு, பதிவான உழைப்பு நாட்களின் மதிப்பு, இவற்றுக்குச் சேமிப்பு வட்டி. அவ்வளவுதான். ஒன்பது ஆண்டில் 3 லட்சம் கட்டியவர் அந்த 3 லட்சத்தையும் வட்டியையும் எடுத்துக்கொண்டு போவார். வீட்டைச் சந்தையில் 40 லட்சம் மதிப்பார்கள் என்பது இந்தக் கணக்கில் வராது. அதனால்தான் அடுத்த ஏழைக் குடும்பமும் அதே 3 லட்சத்தோடு உள்ளே வர முடிகிறது. உருகுவே நாட்டில் 1968 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனாளர் கூட்டுறவுகளிலும் விலகுபவர் எடுத்துப்போவது தன் பங்கைத்தான், வீட்டின் விலையை அல்ல.

இது அநியாயம் என்று ஒருவராவது எழும்புவார். எழும்பட்டும். இந்தச் சண்டை அத்திவாரத்துக்கு முன் நடந்தால் நல்லது. ஒத்துக்கொள்ளாதவர் சேமிப்பை எடுத்துக்கொண்டு நட்பாகப் போகலாம்.

மற்ற விதிகள்: அங்கத்துவம் கணவன் மனைவி இருவர் பெயரிலும். கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் மனைவி பெயரில் மட்டும், வேறு பத்திரம் கேட்காமல். வாரிசு யார் என்பதை இருவரும் உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும், மகள் என்றாலும் சரி. வீட்டை வாடகைக்கு விடக்கூடாது. வேலைக்காக ஓராண்டு வரை வெளியூர் போனால் சபையின் சம்மதத்தோடு உறவினரை இருத்தலாம். சங்கக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ முழு அங்கத்தவர்களில் ஐந்தில் நான்கு பங்கு பேர் வேண்டும்.

பெண் பெயரை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பெர்மிட் காணியில் பின்னுரித்தாளர் பெயர் எழுதாமல் தகப்பன் இறந்தால் மூத்த மகனுக்குப் போகும் வழமை 2022 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வரை இருந்தது. சட்டம் மாறிவிட்டது, ஆட்களின் பழக்கம் மாறவில்லை.

4. பதிவு

இது நினைப்பதைவிடச் சின்ன வேலை. 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிகிறீர்கள். கூட்டுறவு மாகாண விடயம் என்பதால் கொழும்புக்கு அலைய வேண்டாம், மாவட்டக் கூட்டுறவு அபிவிருத்தி அலுவலகத்துக்குப் போங்கள். அங்கிருந்து உத்தியோகத்தர் ஒருவரை அங்குரார்ப்பணக் கூட்டத்துக்கு அழைத்து, அவர் முன்னால் உபவிதியை வாசித்து நிறைவேற்றுங்கள்.

புதியவர்கள் செய்யும் பிழை: ஊரில் ஏற்கெனவே இருக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரிலேயே காணி வாங்கினால் என்ன என்று கேட்பது. அந்தச் சங்கத்தின் அங்கத்தவர்கள் முழுக் கிராமமும். நிர்வாகம் மாறினால் உங்கள் வீட்டைப் பற்றி வீடுள்ளவர்கள் வாக்களிப்பார்கள். தனிச் சங்கம் பதிந்தால் அது சட்டப்படி ஓர் ஆள் மாதிரி, தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம். அங்கத்தவருக்கும் சங்கத்துக்கும் பிணக்கு வந்தால் 58 ஆம் பிரிவின் கீழ் பதிவாளரிடம் போகலாம், நீதிமன்றத்தில் வருடக்கணக்காக நிற்க வேண்டியதில்லை.

5. காணி

இப்போது தேடலாம். ஒழுங்கைப் பாருங்கள்: எந்த வகைக் காணி, யாருடைய தடை, தண்ணீர், பிறகு விலை.

*வகை.* வன்னியில் பெரும்பாலான குடியிருப்புக் காணி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் கொடுத்த பெர்மிட் காணி. அதை உரிமையாளர் தன்பாட்டில் உங்களுக்கு விற்க முடியாது. சமாதான நீதவானின் முத்திரை குத்திய வெள்ளைத்தாளில் எழுதி வாங்கியவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அந்தத் தாள் உறுதி (காணியின் உரிமைப் பத்திரம்) ஆகாது. காணிக் கைமாற்றம் நொத்தாரிசு (பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் சட்டத்தரணி) முன் எழுதினால்தான் செல்லும் என்பது 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, உறுதிக் காணியை விலைக்கு வாங்குவது. மற்றது, அரச காணியைச் சங்கத்தின் பெயரில் நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்பது. குத்தகை மலிவு, ஆனால் பிரதேச செயலகம், மாகாண காணி ஆணையாளர், அதற்கு மேல் என்று கோப்பு நடக்கும். காணிக் கச்சேரி (அரச காணி கொடுக்க ஆட்களைத் தெரிவுசெய்யும் விசாரணைக் கூட்டம்) வைத்து ஆளுக்கொரு துண்டாகத் தருகிறோம் என்று சொன்னால் ஏற்பதா என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். ஏற்றால் குற்றமில்லை, அதோடு கூட்டு முறை முடிந்தது.

உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் 30 ஆண்டுக்குப் பின்னோக்கிப் பதிவு பாருங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து அற்றோனித் தத்துவம் (தனக்காக விற்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) கொடுத்திருந்தால், அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று அவரிடமே வீடியோ அழைப்பில் கேளுங்கள். "பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறேன், என் காணிதான்" என்பவரிடம் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டச் சொல்லுங்கள். அரச காணி என்றால் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த வாதம் எடுபடாது.

*எல்லார் பெயரையும் போடும் பிழை.* இதுதான் நான் பார்த்த பிழைகளில் பெரியது. உறுதி எழுதும்போது நொத்தாரிசு கேட்பார், "எத்தனை பேர் வாங்குகிறீர்கள்?" 18 பேர் என்று சொல்லி 18 பெயரும் எழுதுவார்கள். எல்லாருக்கும் மகிழ்ச்சி, பெயர் உறுதியில் வந்துவிட்டது. ஆனால் அது கூட்டுறவு உரிமை ஆகாது, பிரிபடாத பங்கு. 18 பேரில் யார் கோபித்தாலும் 1977 ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டத்தில் வழக்குப் போட்டுத் தன் பங்கைப் பிரித்துக் கேட்கலாம், பிரிக்க முடியாவிட்டால் முழுக் காணியும் விற்பனைக்குப் போகலாம். தேசவழமை (வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம்) பொருந்துகிறவர்கள் என்றால் பங்காளிக்கு முதலில் வாங்கும் முன்கொள்வனவு உரிமை, மனைவி விற்கக் கணவனின் சம்மதம் என்று சிக்கல் கூடும். ஒருவர் இறந்தால் 18 பங்கு 22 பங்காகும். உறுதியில் வாங்குபவர் இடத்தில் ஒரே பெயர், சங்கத்தின் பெயரும் பதிவிலக்கமும்.

*தடைகள்.* முற்பணம் கொடுக்கும் முன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள்: வன இலாகா, வனஜீவராசிகள், தொல்பொருள் ஆகிய திணைக்களங்களின் எல்லைக்குள் வருகிறதா? குளத்தின் ஒதுக்குக் காணியா? வயல் என்றால் 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் நிரப்ப முடியாது, எவ்வளவு மலிவாக இருந்தாலும் விடுங்கள். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்ததற்கான ஆவணம் இருக்கிறதா? வாயால் "எல்லாம் கிளியர்" என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

*தண்ணீர்.* காணியை இரண்டு முறை பாருங்கள். ஆவணி, புரட்டாதியில் பக்கத்துக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, குடிக்கலாமா என்று ஒரு முறை. மார்கழியில் வெள்ளம் எங்கே நிற்கிறது என்று மறுமுறை. 2018 மார்கழி வெள்ளத்தில் எது வரை வந்தது என்று அயலாரைக் கேட்டு, அந்த உயரத்தை ஒரு மரத்தில் வெட்டிக் குறித்துவிடுங்கள். காட்டோரக் காணி என்றால் யானை வரும் பாதையையும் கேளுங்கள்.

*செலவுக் கணக்கு.* விலையோடு முடியாது. முத்திரைத் தீர்வை முதல் 1 லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். நொத்தாரிசு, நில அளவையாளர், பாதை, மின்கம்பம். 2 ஏக்கர் என்றால் 320 பேர்ச். 20 குடும்பத்துக்குத் தலா 10 பேர்ச் போக, 120 பேர்ச் பாதைக்கும் கிணற்றுக்கும் பொதுத் தோட்டத்துக்கும் வரும். "அரை ஏக்கர் இல்லாமல் என்ன வளவு" என்ற முணுமுணுப்பு வரும். அதற்கு ஒரே மருந்து வேலி. 10 பேர்ச்சானாலும் கதியால் போட்ட தனி வேலியும் படலையும் இருந்தால் ஆட்கள் அமைதியாகிவிடுகிறார்கள். வேலியில்லாத மாதிரிக் குடியிருப்புப் படத்தை யாராவது கொண்டுவந்தால் அன்பாகத் திருப்பி அனுப்புங்கள்.

6. கட்டும் வேலை

மானியத்தை நம்பித் திட்டம் போடுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுத் திட்டங்கள் அனேகமாகப் பயனாளியின் பெயரில் காணி ஆவணம் கேட்கும். சங்கத்தின் குடியிருப்பு உடன்படிக்கையை ஏற்பார்களா என்று முதலிலேயே எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏற்காவிட்டால் சேமிப்பும் கடனும் மட்டும் என்று நினைத்து வீட்டைச் சிறிதாக்குங்கள்.

அத்திவாரத்தின் அளவுதான் வன்னியில் குடும்பங்களைக் கடனாளியாக்கியது. போருக்குப் பிறகு வந்த இந்திய அரசின் வீட்டுத் திட்டத்தில் 550,000 ரூபா கட்டம் கட்டமாக வந்தது. ஒருமுறைதானே கட்டுகிறோம் என்று பெரிய அத்திவாரம் போட்டவர்கள் லிண்டலோடு நின்றார்கள், மீதியை நகை அடகு வைத்து முடித்தார்கள். ஆகவே எல்லாருக்கும் ஒரே அத்திவாரம்: ஓர் அறை, குசினி, விறாந்தை, மலசலகூடம். பின்னால் ஓர் அறை கூட்டுவதற்கு இடம் விட்டு வரைபடம் வரையுங்கள், பிரதேச சபையில் அந்த முழு வரைபடத்துக்கே அனுமதி எடுங்கள்.

வேலை ஒழுங்கு இது. மழை விட்டதும் பாதை, பிறகு கிணறு. தண்ணீர் இல்லாமல் சீமெந்துக் கல் அரிய முடியாது, பவுசரில் வாங்கினால் கட்டுப்படியாகாது. கோடையின் கடைசியில் நீர் இறங்கியதும் கிணற்றை இன்னும் ஆழமாக்குங்கள். அடுத்தது களஞ்சியக் கொட்டில், பிறகு கல். கல்லை நீங்களே அரிந்தால் கூலி மிஞ்சும், ஆனால் ஒரு கிழமை தண்ணீர் ஊற்றி நனைக்காத கல் கையிலேயே உடையும். மணலுக்கு அனுமதிப்பத்திரம் உள்ள லொறியில் மட்டும் எடுங்கள். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். வீட்டுத் தளம் மரத்தில் குறித்த வெள்ள உயரத்துக்கு மேல்.

வீடுகளை நாலு நாலாக, ஒவ்வொரு நாலையும் கூரை வரை முடித்துக் கட்டுங்கள். இருபது அத்திவாரத்தை ஒன்றாகப் போட்டு, நடுவில் 2022 போல ஒரே ஆண்டில் சீமெந்து விலை இரண்டு மடங்குக்கு மேல் போனால், இருபது குடும்பமும் தறப்பாளிலேயே இருக்கும். எந்த வீடு யாருக்கு என்று சொல்லாமல் கட்டி, ஓடு போட்ட பிறகு சீட்டுக் குலுக்குங்கள். அப்போதுதான் எல்லா வீட்டுச் சுவரும் ஒரே நேராக வரும்!

உழைப்பு நாளுக்கு எங்கள் விதி, வீட்டுக்குக் கிழமையில் ஒரு நாள். உருகுவேயில் வாரம் 21 மணிநேரம் கேட்கிறார்கள். நாட்கூலிக்காரருக்கு அது இங்கே தாங்காது. கல் தூக்க முடியாதவர் சமைக்கலாம், கல்லுக்குத் தண்ணீர் ஊற்றலாம், களஞ்சியம் பார்க்கலாம். எல்லாம் ஒரே நாள்தான், அரை நாள் என்று எழுதாதீர்கள்.

7. குடியிருப்பு உடன்படிக்கை

வீட்டுத் திறப்பைக் (சாவியை) கொடுக்கும் முன் இது கையெழுத்தாக வேண்டும். திறப்பு போன பிறகு யாரும் கூட்டத்துக்கு வருவதில்லை, இதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதினால்தான் செல்லும் என்பதால் சாதாரணக் கடிதம் போதாது. இருபதையும் ஒரே நாளில் எழுதினால் நொத்தாரிசு கட்டணம் குறைத்துப் பேசலாம். வீட்டு இலக்கம், இருவர் பெயர், வாரிசு, மாதக் கட்டணம், விலகும்போது கணக்குப் பார்க்கும் முறை எல்லாம் அதில் வரட்டும். சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து.

8. மாதக் கட்டணம்

கட்டணத்தை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: கடன், பழுதுபார்ப்பு, மாரிக் கையிருப்பு. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கார்த்திகையில் வேலையில்லாத வீட்டின் கட்டணத்தை இரண்டு மாதம் அந்தக் கையிருப்பு தாங்கும், பங்குனியில் அவர் திருப்பிக் கட்டுவார். மூன்றாவது மாதமும் கட்டாவிட்டால் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும், அதில் ஒருவர் அயல்வீட்டுக்காரராக இருக்கக்கூடாது. நாலாவது மாதம் சபை. ஆறு மாதத்துக்கு முன் யாரையும் வீட்டைவிட்டு எழுப்ப வேண்டாம் என்று உபவிதியிலேயே எழுதியிருந்தோம். இதுவரை ஒருவரையும் எழுப்பவில்லை. ஒரு வீட்டில் மட்டும் இரண்டு மாதக் கட்டணத்துக்குப் பதிலாக மூன்று மூட்டை நெல் வாங்கியிருக்கிறோம், அதையும் கொப்பியில் எடையோடு எழுதி வைத்திருக்கிறேன்.